மோட்டார் கார்களின் மின் சுவிட்சுகள்

மோட்டார் காரின் எரியூட்டல், ஸ்டார்ட்டர், விளக்கு, ஹாரன் ஆகியவற்றின் மின்சுற்றுகளை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் கருவிகள். தொடக்கத்தில் சுற்றின் மின்னோட்டம் முழுவதையும் ஓட்டுநர் இயக்கிய சுவிட்சே சுமந்தது. 1940களின் முடிவுக்குள், பெரிய மின்னோட்டங்களைச் சிறு மின்னோட்டத்தால் ஆளும் முறை வேரூன்றியது.

பின்னணி

வீட்டு மின்சாரத்தில் சுவிட்சை அணைக்கும்போது தொடுமுனைகளுக்கிடையே மின்பொறி நீண்டு எரிந்து அவற்றைக் கருக்கியது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-இல் உருவாக்கிய விரைவுத் துண்டிப்புச் சுவிட்ச், முனைகளைச் சட்டெனப் பிரித்து இச்சிக்கலைத் தீர்த்தது. காரின் சிக்கல் வேறு. அக்காலக் கார் பேட்டரியின் 6 வோல்ட்டில் மின்பொறி நீளாது. ஆனால் தொடுமுனையில் சேரும் சிறு மின்தடைகூடப் பெரிய இழப்பாகும். 10 ஆம்பியர் ஓடும் விளக்குச் சுற்றில் 0.1 ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் அங்கேயே வீணாகும், விளக்கு மங்கும். குலுக்கலும் புழுதியும் ஈரமும் அந்தத் தடையைக் கூட்டின. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்ந்து தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும் தொடுமுனைகளும், அவற்றை விடாமல் அழுத்தும் வில்சுருளும் தேவைப்பட்டன.

எரியூட்டல் சுவிட்ச்

பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்டு 1902-இல் உருவாக்கிய உயரழுத்த மேக்னெட்டோ, தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கியது. அதை நிறுத்த, முதன்மைச் சுருளை வண்டியின் உடற்சட்டத்தோடு இணைக்க வேண்டும். அதாவது சுவிட்ச் மூடினால் இன்ஜின் நிற்கும். சுவிட்சுக்குப் போகும் கம்பி அறுந்தால் சுவிட்சால் இன்ஜினை நிறுத்த முடியாது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி-யில் காயில் பெட்டியின் முகப்பில் இருந்த சுவிட்சை ஒரு பக்கம் திருப்பினால் பேட்டரி, மறுபக்கம் மேக்னெட்டோ, நடுவில் நிறுத்தம்.

சார்லஸ் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் வகுத்த பேட்டரி எரியூட்டல் பரவியபோது நிலைமை தலைகீழானது: சுற்று அறுந்தால் இன்ஜின் நின்றது. ஆனால் ஓட்டுநர் சுவிட்சை அணைக்க மறந்தால் காயில் சூடேறி, பேட்டரி வடிந்தது. பின்னாளில் முகப்புப் பலகையில் இடம்பெற்ற சிவப்பு எச்சரிக்கை விளக்கு இதை நினைவூட்டியது.

ஸ்டார்ட்டர் சுவிட்ச்

கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக்கில் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 200 ஆம்பியரில் 0.005 ஓம் தடைகூட 1 வோல்ட்டைத் தின்றுவிடும்; 6 வோல்ட் பேட்டரியின் அழுத்தத்தில் அது ஆறில் ஒரு பங்கு. சிறு சுவிட்ச் இதற்கு ஈடுகொடுக்காது. 1919 முதல் மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்ட மாடல் டி-யில், தரையிலிருந்த பொத்தானை ஓட்டுநர் குதிகாலால் மிதிக்க, தடித்த செப்புத் தகடு இரு முனைகளையும் இணைத்தது. மிதி தளர்ந்தாலோ தகடு முழுதாகப் படியாமல் முனைகள் பொசுங்கின. 1930களில் பரவிய சாலினாய்டு இதற்கு முடிவுகட்டியது: ஓட்டுநர் அழுத்தும் சிறு பொத்தான் மின்காந்தத்துக்கு மட்டும் மின்சாரம் விட, பெரிய தொடுமுனைகளை அந்தக் காந்தமே முழு விசையோடு மூடியது. தடித்த கம்பியும் முகப்புவரை வரத் தேவையில்லாமல் போனது.

விளக்குச் சுவிட்ச்

1924-இல் ஆஸ்ராம் வெளியிட்ட பைலக்ஸ் பல்பில் இரண்டு இழைகள் இருந்தன. எதிரே வண்டி வரும்போது தொலைவொளி இழையிலிருந்து தாழ்வொளி இழைக்கு மாற வேண்டும், கையோ ஸ்டியரிங்கில். 1927-இல் வந்த கால் சுவிட்ச் இதற்கு விடையானது. ஒவ்வொரு மிதிக்கும் உள்ளிருந்த பற்சக்கரம் ஒரு படி நகர்ந்து, இழைகளை மாறிமாறி இணைத்தது. சேறும் தண்ணீரும் சேரும் இடமாதலால் துருவே அதன் பகை. எனினும் அமெரிக்கச் சரக்கு வண்டிகள் சிலவற்றில் அது 1990களின் தொடக்கம்வரை நீடித்தது.

பொருள்கள்

பழைய சுவிட்சுகளின் உடல் மரத்தாலும் எபோனைட்டாலும் ஆனது. எபோனைட் சூட்டில் இளகும். மரம் ஈரத்தில் உப்பும். 1907-இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய பேக்லைட் இரண்டையும் தாங்கியது. நுணுக்கமான வடிவங்களிலும் வார்க்க முடிந்தது. எரியூட்டல் அமைப்பின் ஓயாது திறந்து மூடும் முனைகளில் விலை மிகுந்த பிளாட்டினத்தின் இடத்தை டங்ஸ்டன் பிடித்தது.

ஒருங்கிணைப்பு

சாலினாய்டு வந்தபின் ஸ்டார்ட்டர் சுவிட்ச் தரையில் இருக்க வேண்டிய காரணம் மறைந்தது. 1949-இல் கிரைஸ்லர், எரியூட்டலையும் ஸ்டார்ட்டரையும் ஒரே சாவியில் சேர்த்தது: முதல் திருப்பில் எரியூட்டல், அதற்கு அப்பால் திருப்பினால் ஸ்டார்ட்டர், கையை எடுத்தால் வில்சுருள் சாவியைப் பின்னுக்குத் தள்ளும். பிற நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்ற, தனி ஸ்டார்ட்டர் பொத்தான் வழக்கொழிந்தது.