ஒலிக்கம்பி

ஒலிவாங்கி, ஒலிபெருக்கும் யந்திரம், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கிடையே சப்தத்தை மின்சார வடிவில் கொண்டுசெல்லும் உலோகக் கம்பியும் அதனைப் பொதிந்த உறையும் சேர்ந்ததே ஒலிக்கம்பி. இன்று சிலாங்கூர் மாநிலத்தின் செமினி, காஜாங் வட்டாரங்களில் திருவிழா நாதஸ்வரத்தைத் தெருக்கோடிவரை சேர்ப்பிக்கும் இச்சாதனத்தின் சரித்திரத்தில் மலாய்த் தீபகற்பத்துக்கு விசேஷமான இடமுண்டு.

உறை: இத்தீபகற்பத்துக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பாலாகிய கட்டாபர்ச்சாவை, சிங்கப்பூரில் வைத்தியராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1843-ஆம் ஆண்டையொட்டி லண்டன் அறிஞர்களுக்கு அறிமுகம் செய்தார். கடல்நீரில் கெடாமல் மின்சாரத்தைக் காக்கும் குணம் அதற்கு இருந்தமையால், 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையிலும் 1866-இல் அட்லாண்டிக் சமுத்திரத்திலும் இடப்பட்ட, ஒலிக்கம்பிக்கு முன்னோடியான தந்திக் கம்பிகள் அதனையே உறையாகக் கொண்டன. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் தாபான் மரங்கள் அருகின. 1933-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் பிற்பாடு அதன் ஸ்தானத்தைப் பெற்றது.

உலோகம்: மின்தடைத்திறன் வெள்ளிக்கு 15.9, செம்புக்கு 16.8, பொன்னுக்கு 24.4, அலுமினியத்துக்கு 26.5 நானோ ஓம்-மீட்டர். வெள்ளி செம்பைவிட ஆறு சதவீதமளவே மேம்பட்டதாகையால், செம்புக்கம்பியைச் சிறிது பருமனாக்கினாலே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியோ, கண்ணுக்குச் செம்பாகத் தோன்றினும், தடை மிகுந்தது.

பருமனும் நீளமும்: 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியை முப்பது மீட்டர் தூரம் இழுத்தால், போக்கும் வரவுமாக ஏறத்தாழ 1.4 ஓம் தடை ஏற்பட்டு, 8 ஓம் ஒலிபெருக்கியைச் சேரவேண்டிய சக்தியில் கால் பங்குக்கு மேல் குறைகிறது, 2.5 சதுர மில்லிமீட்டரானால் நஷ்டம் பத்து சதவீதத்துக்குள் அடங்குகிறது. ஒலிபெருக்கியின் தடை ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுவதால், மெல்லிய கம்பி சப்தத்தைக் குறைப்பதோடு அதன் சமநிலையையும் கெடுக்கிறது. விசாலமான கோயில் வளாகங்களுக்கு, மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பும் 100 வோல்ட் முறை உகந்தது. 100 வாட் சக்திக்கு 3.5 ஆம்பியருக்குப் பதிலாக ஓர் ஆம்பியர் மின்னோட்டமே போதுமாகையால், கம்பியில் வீணாவது பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

காப்பு: ஒலிவாங்கியின் மின்குறி மிகச் சூட்சுமமானது. அருகிலோடும் விளக்குக் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் கலவாதிருக்க, முறுக்கிய இரு கம்பிகளும் அவற்றைச் சூழ்ந்த உலோக வலையும் கொண்ட மூன்று முனைக் கேபிளே வேண்டும். வீணையில் ஒட்டும் பிக்கப்பிலிருந்து யந்திரம்வரை நெடுந்தூரம் கேபிள் இழுத்தால், அதன் மின்தேக்கத்தால் மின்குறியின் வலு குறையும்.

இணைப்பு: மழை மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலான கோளாறுகள் தோன்றுமிடம் இதுவே. முறுக்கி டேப் சுற்றிய மூட்டைப் பிரித்துப் பார்த்தால், செம்பிழைகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும்; கரகரப்புக்கு அதுவே காரணம். ஈயம் வைத்துப் பற்றவைத்து, நீர் புகாமல் மூடுவதே பரிகாரம். முனைகளுக்குப் பொன்முலாம் பூசுவது களிம்பைத் தடுக்குமேயன்றி நாதத்தை இனிமையாக்காது.

ஆகவே, கம்பி நாதத்துக்கு எதையும் கூட்டுவதில்லை. குறைக்காமல் சேர்ப்பிப்பதே அதன் தர்மம். தக்க பருமனும் நல்ல காப்பும் உறுதியான மூட்டும் அமைந்தபின், அதிக விலை கொடுப்பதால் செவிக்கு யாதொரு பயனும் இல்லை. ஆலய நிர்வாகிகள் அப்பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடுவதே விவேகம்.