விண்கலம் சிதறியும் அழியாத டேட்டா... டெலிட் செய்தும் போகாத ஃபைல்! ஹார்ட் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது?

2003-ம் ஆண்டு பிப்ரவரி 1. விண்வெளியில் 16 நாட்கள் ஆய்வு நடத்திவிட்டு பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாசாவின் கொலம்பியா விண்கலம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்துக்கு மேலே வானிலேயே உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேரும் உயிரிழந்தனர்.

பல மாதங்கள் நடந்த தேடுதலில் கிடைத்த சிதைவுகளில் ஒன்று, கருகி உருக்குலைந்த ஒரு ஹார்ட் டிஸ்க். செனான் என்ற வாயுவைப் பற்றி விண்கலத்தில் நடந்த ஆய்வின் பதிவுகள் அதில் இருந்தன. பார்த்தால் எதற்கும் உதவாத இரும்புத்துண்டு போலத்தான் இருந்தது. ஆனால், அதிலிருந்து சுமார் 99 சதவீத டேட்டா மீட்கப்பட்டது. அதை வைத்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரை 2008-ல் வெளியானது.

இன்னொரு பக்கம், மேஜையிலிருந்து கைதவறி விழுந்த ஹார்ட் டிஸ்க்கில் குடும்ப போட்டோ ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் நடக்கிறது. 'டெலிட்' செய்த ஃபைல், பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர் கையில் சிக்குவதும் நடக்கிறது. டேட்டா எங்கே, எப்படி வைக்கப்படுகிறது என்று தெரிந்தால் மூன்றுக்கும் காரணம் புரிந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உலோகப் பெட்டிக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன இந்தத் தட்டுகளின் மேல், கோபால்ட் கலந்த மிக மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. டேட்டா இருப்பது அந்தப் பூச்சில்தான். பெட்டிக்கு வெளியே தெரியும் பச்சை நிற சர்க்யூட் போர்டில் அல்ல.

தட்டுகளைச் சுழற்ற ஒரு மோட்டார். தட்டின் குறுக்கே உள்ளேயும் வெளியேயும் நகரும் ஒரு கை. அந்தக் கையின் நுனியில் எழுதவும் வாசிக்கவும் உதவும் 'ஹெட்'. முக்கியமான பாகங்கள் அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் உள்ள ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதாவது நொடிக்கு 120 சுற்று. தட்டின் வெளி விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. அந்தச் சுழற்சியில் உருவாகும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல், தட்டைத் தொடாமல் ஹெட் மிதக்கிறது. இடைவெளி எவ்வளவு தெரியுமா? சில நானோமீட்டர்கள் மட்டுமே. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். அப்படியானால் ஒரு சின்ன தூசிகூட ஹெட்டுக்கு முன்னால் மலை மாதிரிதான்.

டேட்டா எப்படி எழுதப்படுகிறது?

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டு மட்டும்தான். போட்டோ, பாட்டு, பத்திரம் எல்லாமே கடைசியில் இந்த இரண்டின் வரிசைதான். உதாரணத்துக்கு, 'அ' என்ற ஒரே ஓர் எழுத்தை இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க 3 பைட் தேவை. அதாவது 24 பூஜ்ஜியங்களும் ஒன்றுகளும்.

ஹெட்டில் இருக்கும் குட்டி மின்காந்தம், தனக்குக் கீழே ஓடும் பூச்சின் மிகச் சிறிய பகுதிகளை ஒரு திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமாக்குகிறது. எளிமையாகச் சொன்னால், காந்தத் திசை மாறும் இடம் 1. மாறாமல் தொடரும் இடம் 0. கரன்ட் போனாலும் அந்தக் காந்தத் திசை அப்படியே நிற்கும். அதனால்தான் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து மறுநாள் ஆன் செய்தாலும் ஃபைல்கள் இருக்கின்றன.

வாசிப்பது எப்படி?

வாசிப்பதற்கு ஹெட்டில் தனியாக ஒரு சென்சார் இருக்கிறது. கீழே உள்ள காந்தப் புலத்துக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை வைத்து 0, 1 வரிசை கண்டுபிடிக்கப்படுகிறது. கிடைக்கும் சிக்னல் மிகப் பலவீனமானது என்பதால் பிழைகளும் வரும். அதற்காகவே எழுதும்போதே ஒவ்வொரு பகுதியோடும் பிழை திருத்தும் குறியீடுகள் சேர்த்து எழுதப்படுகின்றன.

நுண்ணிய காந்தப் புலத்தையும் உணரும் சென்சார்களுக்கு வழிவகுத்தது, 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகியோர் தனித்தனியாகக் கண்டறிந்த ஒரு காந்த விளைவு. அதற்காக 2007-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1956-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தும், 50 லட்சம் எழுத்துகளைத்தான் சேமிக்க முடிந்தது. இன்றைய செல்போன் போட்டோ ஒன்றைச் சேமிக்கவே அது திணறியிருக்கும்!

ஒரு ஃபைலை எப்படித் தேடி எடுக்கிறது?

ஒவ்வொரு தட்டிலும் ஒன்றுக்குள் ஒன்றாக ஏராளமான வட்டப் பாதைகள் உண்டு. இவை 'டிராக்'. ஒவ்வொரு டிராக்கும் 'செக்டார்' என்ற சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்பு ஒரு செக்டார் 512 பைட். இப்போது பெரும்பாலும் 4,096 பைட். 4 எம்பி அளவுள்ள ஒரு போட்டோவுக்கு சுமார் 1,000 செக்டார்கள் வேண்டும்.

இத்தனை செக்டார்களில் எந்த போட்டோ எங்கே இருக்கிறது? அதற்கு ஹார்ட் டிஸ்க்கிலேயே தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது. ஃபைலின் பெயர், அளவு, எந்தெந்த இடங்களில் உள்ளது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். ஃபைலைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் முதலில் பதிவேட்டைப் பார்க்கும். பிறகு கை சரியான டிராக்குக்கு நகரும். வேண்டிய செக்டார் சுழன்று ஹெட்டுக்குக் கீழே வரும் வரை காத்திருக்கும்.

கை நகர சராசரியாக 8 முதல் 10 மில்லி நொடி, காத்திருக்க இன்னும் 4 மில்லி நொடி ஆகலாம். ஒரு ஃபைல் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருந்தால் பிரச்னை இல்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இந்த நேரம் போகும். பழைய கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

கொலம்பியா டேட்டா எப்படித் தப்பியது?

அந்த ஹார்ட் டிஸ்க்கின் எலக்ட்ரானிக் பாகங்கள் நாசமாகிவிட்டன. உள்ளே அழுக்கும் புகுந்திருந்தது. ஆனால், டேட்டா இருந்த தட்டுப் பகுதியில் பெரிய கீறல் விழவில்லை. க்ரோல் ஆன்ட்ராக் என்ற டேட்டா மீட்பு நிறுவனத்தின் நிபுணர்கள் தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறு டிரைவில் பொருத்தி வாசித்தனர்.

இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. விண்கலத்தில் பயன்படுத்தப்பட்டது பழைய டாஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். அது டேட்டாவைத் தட்டு முழுவதும் சிதறவிடாமல் ஒரே பகுதியில் அடுத்தடுத்து எழுதியிருந்தது. சேதமான பகுதிகளில் முக்கியமான டேட்டா இல்லை. அதே விண்கலத்தில் கிடைத்த வேறு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவற்றிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

கீழே விழுந்தால் ஏன் போய்விடுகிறது?

சுழன்றுகொண்டிருக்கும்போது டிஸ்க் விழுந்தால், மிதக்கும் ஹெட் தட்டில் மோதலாம். மோதிய இடத்தில் காந்தப் பூச்சு உரிந்துவிடும். அதோடு அங்கிருந்த டேட்டாவும் போய்விடும். 'டிக்... டிக்...' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால், பெரும்பாலும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறுகிறது என்று அர்த்தம். 'இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்' என்று முயற்சி செய்யும் ஒவ்வொரு முறையும் கீறல் அதிகமாகலாம்.

டெலிட் செய்தால் அழிந்துவிடுமா?

ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாச்சு. இனி யாராலும் பார்க்க முடியாது என்று நினைத்தால், அது தவறு.

டெலிட் செய்யும்போது பெரும்பாலும் மாறுவது பதிவேடு மட்டும்தான். 'இந்த இடம் காலி' என்று குறிக்கப்படும். தட்டில் உள்ள காந்தத் திசைகள் அப்படியே இருக்கும். பட்டாவை ரத்து செய்வது போலத்தான் இது. பட்டா ரத்தானாலும் வீடு அங்கேயேதான் நிற்கும், வேறொருவர் வந்து இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வரை. 'குவிக் ஃபார்மேட்' செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இது எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் இருவர் காட்டினர். அவர்கள் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். வேலை செய்த 129-ல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் தனிப்பட்ட கடிதங்கள், மருத்துவத் தகவல்கள், 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் என என்னென்னவோ கிடைத்தன. இந்த ஆய்வு 2003-ல் வெளியானது.

என்ன செய்ய வேண்டும்?

* தவறுதலாக டெலிட் செய்துவிட்டால், அந்த டிஸ்க்கில் வேறு எதையும் சேமிக்காதீர்கள். மீட்பு சாஃப்ட்வேரைக்கூட அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யக் கூடாது. புது டேட்டா, பழைய டேட்டாவின் மேலேயே எழுதப்பட்டுவிடலாம்.

* டிக் டிக் சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். தூசியில்லாத சிறப்பு அறையில்தான் அதைத் திறக்க வேண்டும்.

* வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கை ஆன் செய்து பார்க்காதீர்கள். அப்படியே டேட்டா மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

* பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன், டிஸ்க் முழுவதையும் புதிதாக எழுதி அழிக்க வேண்டும். இப்போதைய விண்டோஸில் 'குவிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் கொடுத்தால், டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதப்படும். நேரம் ஆகும், ஆனால் வேலை முடியும்.

* லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி என்றால் கணக்கே வேறு. அதில் சுழலும் தட்டு இல்லை. டேட்டா சிப்களில் இருக்கிறது. விழுந்தாலும் அதிகம் தாங்கும். ஆனால், டெலிட் செய்த இடங்களை அதுவே பின்னணியில் சுத்தம் செய்துவிடும் என்பதால் மீட்பது பெரும்பாலும் முடியாது. விற்கும்போது அதன் தயாரிப்பு நிறுவனம் தரும் அழிப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

எந்த டிஸ்க்காக இருந்தாலும் ஒரு நாள் பழுதாகும். எந்த நாள் என்பதுதான் தெரியாது. குழந்தையின் முதல் போட்டோ, வீட்டுப் பத்திரம் போன்றவை ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்தால், இன்றே இன்னொரு பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வைப்பது நல்லது. டேட்டா மீட்புக்கு ஆகும் செலவை விட ஒரு புது டிஸ்க்கின் விலை பெரும்பாலும் குறைவுதான்.