மைதீன் என்றொரு பெயர்

நம் சமூகத்தில் மைதீன் என்ற பெயர் இல்லாத குடும்பம் குறைவு. 'முஹ்யித்தீன்' என்ற அரபுச் சொல்லுக்கு மார்க்கத்தை உயிர்ப்பித்தவர் என்று பொருள். பக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர் அது. தமிழ்க் கரையில் அது முகைதீன், மொய்தீன், மைதீன் என்று நம் வாய்க்கேற்ப மாறியது.

பிறகு அந்தப் பெயர் கப்பலேறியது. பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்குக்கு வந்த வணிகர் காதர் மைதீன், அங்கே நம் மக்களின் தலைவராக, 'கப்பித்தான் கெலிங்' ஆனார். 1801இல் அவர் முன்னின்று தொடங்கிய பள்ளிவாசல் இன்றும் அந்தப் பட்டத்தின் பெயரிலேயே நிற்கிறது. அன்று 'கெலிங்' என்பது இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்த சொல். பின்னாளில் அதுவே ஏச்சாகிவிட்டது. சொல் அப்படியேதான் இருக்கிறது. கேட்பவர் மனம்தான் மாறியது.

1957இல் கோத்தா பாருவில் சிறு கடையாகத் தொடங்கிய 'மைடின்' இன்று நாடறிந்த பேரங்காடி. கடைப் பலகையில் அந்தப் பெயரைக் கண்டால், விலை மலிவாக இருக்கும் என்று எல்லா இனத்தாரும் நுழைகிறார்கள். அதே பெயர் வேலை விண்ணப்பத்தில் இருந்தால் என்ன நினைப்பார்கள்?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வியாபாரம் செய்யும் நாங்கள் அன்றாடம் காண்பது இது: அடையாள அட்டையில் 'பின்' என்று இருப்பதால் மலாய்க்காரர் என்று எண்ணி அழைப்பார்கள். முகத்தைப் பார்த்ததும் அட்டையை மறுபடி பார்ப்பார்கள். தொலைபேசியில் தமிழ் பேசினால் தீபாவளி வாழ்த்து வரும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பெயரையும் பேச்சையும் வைத்து மனம் அதற்குள் முடிவு கட்டிவிடுகிறது.

அந்த முடிவு பிழைப்பையும் தொடும். லீ ஹுவோக் ஆன், முஹம்மது அப்துல் காலிட் இருவரும் தனியார் நிறுவனங்களின் பொறியியல், கணக்கியல் வேலைகளுக்குக் கற்பனைப் பட்டதாரிகளின் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, சீனப் பெயர் உள்ளவற்றில் 22.1 விழுக்காட்டுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர் உள்ளவற்றில் 4.2 விழுக்காட்டுக்குத்தான் வந்தது. நம் பெயர்கள் அந்தச் சோதனையில் இல்லை.

பிறரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கடைக்கு ஆள் எடுக்கும்போது நாங்களும் பெயரைப் பார்த்தவுடன் 'இவர் எந்த ஊர், எந்த இனம், நிலைத்து நிற்பாரா' என்று கணக்குப் போடுகிறோம். ஆளை உட்கார வைத்துப் பேசிய பிறகு அந்தக் கணக்கு தப்பென்று தெரிந்து வெட்கப்பட்டதும் உண்டு. இப்போதெல்லாம் முதலில் ஆளிடம் பேசிவிட்டுப் பிறகுதான் பாரத்தைப் பார்க்கிறோம்.

இன்னொரு கவலையும் உண்டு. சீனி, பிச்சை, நாகூர் மீரான் போன்ற பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்க நம் தலைமுறை தயங்குகிறது; பள்ளியில் கேலி செய்வார்களோ என்ற பயம். பாட்டனார் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லும் பிள்ளைகளாக அவர்களை வளர்ப்போம். அந்தப் பெயர் வந்த வழியையும் சொல்லிக் கொடுப்போம். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நாம் அவர்களிடம் விட்டுச் செல்லும் சொத்து அதுதான்.