வினையூக்கிச் சீர்பரவல்

பெட்ரோலியச் சுத்திகரிப்பில், கனமான எண்ணெயைப் பெட்ரோல், சமையல் எரிவாயு முதலிய இலேசான பொருள்களாக உடைக்கும் பாய்ம வினையூக்கச் சிதைப்புக் கலனில், வினையூக்கித் துகள்கள் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் பரவியிருக்கும் நிலை. கேரளத்தின் அம்பலமுகளில் உள்ள கொச்சி சுத்திகரிப்பு ஆலையும், தமிழகத்தின் சென்னை மணலி ஆலையும் இச்சிதைப்பு முறையைக் கையாளுகின்றன.

சராசரியாகச் சுமார் 70 மைக்ரான் பருமனுள்ள, சியோலைட் அடங்கிய வினையூக்கித் தூள், ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கலனின் ஏறுகுழாயின் அடியில் நுழைந்து, நீராவியோடு தூவப்படும் எண்ணெயுடன் கலந்து, சில நொடிகளில் உச்சியை அடைந்துவிடுகிறது. அருவியின் கிளைகளில் நீர் ஒரே அளவாக விழாததைப் போலவே தூளும் தானாகச் சமமாகப் பிரிவதில்லை: சுவரோரம் அடர்ந்து மந்தமாகச் சரிய, நடுவில் ஐதாகி விரைகிறது. தூள் மிகுந்த இடத்தில் எண்ணெய் அளவுக்கு மீறிச் சிதைந்து உலர்வாயுவும் கரியும் கூடுகின்றன. குறைந்த இடத்தில் எண்ணெய் சிதையாமலே தப்புகிறது. ஆகவே எண்ணெய்த் தூவிகள் குழாயைச் சுற்றி வளையமாக, மேல்நோக்கிச் சாய்வாகப் பொருத்தப்படுகின்றன.

தூளில் படிந்த கரியை எரித்து நீக்கும் மீட்டாக்கக் கலனில் இப்பரவல் பிசகுவது இன்னும் ஆபத்தானது. ஒருபுறம் மிஞ்சிய ஆக்சிஜனும் மறுபுறம் எரியாத கார்பன் மோனாக்சைடும் தூள் படுகைக்கு மேலே கலந்து எரிந்து, தூள் பிரிக்கும் சுழற்கலங்களை வெந்துபோகச் செய்யும். வெப்பமானிகள் பக்கத்துக்குப் பக்கம் வேறு அளவு காட்டுவதே அதன் முதல் அறிகுறி.