ஊர்ப் பொதுமனை: கள்ளுக்கடையும் காப்பிக்கடையும்

பேட்டை என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் வணிகத்தால் வளர்ந்த ஊர்களைச் சுட்டுவன. செஞ்சி வட்டாரத்தில் மேல்மலையனூருக்கு அணித்தேயுள்ள அவலூர்பேட்டையும் வாரச்சந்தையால் அறியப்பெறும் ஊரே. சந்தை என்பது கொடுக்கல் வாங்கலோடு முடிந்துபோவதன்று. ஆட்டை விற்றவனும் வாங்கியவனும் கைப்பணத்தை எண்ணி முடித்தபின், சற்றே உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஓரிடம் தேடுவர். செஞ்சிக் கோட்டை 1677இல் சிவாஜியிடமும் 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் சென்ற வரலாற்றை நாம் நன்கறிவோம். 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் அக்கோட்டை இடம்பெற்றுவிட்டது. கோட்டையைச் சுற்றிய ஊர்களில் குடிமக்கள் மாலைநேரத்தில் எங்கே கூடினர் என்னும் வரலாறோ நம் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில் இப்பணியைச் செய்தது ‘பப்’. ‘பொதுமனை’ என்று பொருள்படும் தொடரின் குறுக்கமே அச்சொல். நம்மிடத்தில் அதற்கு நேரானது எது? சாவடி என்பர் சிலர். திண்ணை என்பர் சிலர். கள்ளுக்கடை என்று சொல்லத்தான் நாக்குக் கூசுகிறது. ஆயினும் பழம்பாடல்களுக்கு அக்கூச்சம் இருந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, கள்விற்கும் மனையின் கொடியையும் அவற்றோடு சேர்த்தே காட்டுகிறது. ஔவைக்கும் அதியமானுக்கும் இடையே கள் ஓர் அன்புப்பொருளாய் விளங்கியதைப் புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டொன்று அறியத்தருகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளின் தன்மை மாறவில்லை. கடையின் தன்மை மாறிற்று. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ்க் கள்ளிறக்குவதும் விற்பதும் அரசின் உரிமத்துக்கு உட்பட்டன. விற்பனை உரிமை ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தவர், கட்டிய பணத்தை ஓராண்டுக்குள் மீட்டாக வேண்டும். ஆகவே குடிப்பவன் மேலும் குடிக்க வேண்டும். ஊரார் கூடும் இடம் ஊராரைக் கறக்கும் இடமாயிற்று. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் எழுந்ததும், நாகம்மையாரும் கண்ணம்மாளும் அதில் முன்னின்றதும், பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் இப்பின்புலத்தில் வைத்து எண்ணத்தக்கன.

1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன, 1971இல் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன, 1987இல் கள்ளும் சாராயமும் நீங்கின. 1983இல் தோன்றிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றது. கம்பி வலைக்குள் கையை நீட்டிப் புட்டி வாங்கிவரும் அவ்விடத்தைப் பொதுமனை என்று எவரும் அழைக்கத் துணியார். கடை மூடியதனால் பனையேறிகள் பிழைப்பை இழந்தனர் என்பதும் உண்மை. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அவர்களுள் ஒரு பகுதியினருக்கே கைகொடுத்தன.

பழைய கடையை மீட்க வேண்டும் என்று வாதிடுவது என் நோக்கமன்று. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் சாராயக்கடைக்கு எதிராகத் திரண்ட பெண்களுக்கு அக்கடை எதைத் தந்தது என்று கேட்டால் போதும். மதுவோடு சேர்த்து நாம் துறந்துவிட்ட கூடுமிடத்தை வேறு வடிவில் மீட்டவர் உண்டா என்பதே என் கேள்வி. உண்டு. அவர்கள் காப்பி ஆற்றியவர்கள்.

காப்பி நுகர்வைப் பெருக்கும் நோக்கோடு 1936இல் பம்பாயில் தொடங்கிய இந்தியா காபி ஹவுஸ் நிலையங்களைப் பின்னர் காபி போர்டு நடத்திவந்தது. 1950களின் நடுவில் போர்டு அவற்றை மூட முடிவு செய்தது. வேலையிழந்த பரிசாரகர்களும் சமையற்காரர்களும் ஏ.கே. கோபாலனை நாடினர். கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பது அவர் காட்டிய வழி. 1957இல் பெங்களூரிலும் தில்லியிலும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன; 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் நிலையம் திறக்கப்பட்டது. ‘இந்தியா’ என்பது ‘இந்தியன்’ ஆயிற்று. ஓரெழுத்தைக் கூட்டி உடைமையாளரை மாற்றிக்கொண்டனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கீழ்நிலையில் சேர்ந்தவரே படிப்படியாக மேலாளர் ஆகும் வழக்கமும், விலையைக் கட்டுக்குள் வைக்கும் கொள்கையும் சேர்ந்து ஒரு கோப்பைக் காப்பிக்கு இரண்டு மணிநேரப் பேச்சை இலவசமாக்கின. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய சுருள்வடிவச் செங்கல் நிலையம் அச்சங்கங்களுள் ஒன்றுக்கு உரியதே.

கல்கத்தாவின் கதை கவிஞர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் 1942 முதல் நடந்துவந்த நிலையம் 1958இல் மூடப்பட்டபோது பேராசிரியர்கள் விண்ணப்பம் எழுதி அதைத் திறக்கச் செய்தனர். பேசுவதற்கு இடம் வேண்டும் என்று கற்றோர் மன்றாடியது நம் நாட்டில் அடிக்கடி நிகழாத ஒன்று. தில்லியில் நேர்மாறு. கன்னாட் பிளேஸில் இருந்த காபி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், இடித்து அகற்றப்பட்டது. அங்கே என்ன பேசப்பட்டது என்பதை அதிகாரம் அறிந்திருந்தது போலும். நமக்கு அண்மையில், புதுச்சேரி நேரு வீதியின் காபி ஹவுஸில்தான் யான் மார்டெல் 2001இல் வெளியிட்ட தம் நாவலின் கதையைத் தொடங்கிவைக்கிறார்.

இதே காலக்கட்டத்தில் ஆங்கில நாட்டிலும் பொதுமனைகள் மூடப்பட்டுவந்தன. கம்ப்ரியா மலைநாட்டில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்றொரு சிற்றூர். அங்குள்ள ‘ஓல்டு கிரௌன்’ மனை கைமாறும் நிலை வந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் பங்குப்பணம் சேர்த்து 2003இல் அதை வாங்கினர். பிறகு பல ஊர்கள் அவ்வழி சென்றன. 2011இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஊருக்குப் பயன்படும் கட்டடமெனப் பதிவான ஒன்றை உடைமையாளர் விற்க முற்பட்டால், ஊரார் பணம் திரட்ட ஆறுமாத அவகாசம் அளிக்கிறது. அங்கே குடித்தவர்கள் வாங்கினார்கள். இங்கே பரிமாறியவர்கள் வாங்கினார்கள். இரண்டிலும் ஏலக்காரருக்கு இடமில்லாமற் போனதே கருதத்தக்கது.

கூட்டுறவு நமக்குப் புதியதன்று. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இலேயே தோன்றியது. ஆயினும் சிற்றூர்ப் பொது இடங்களை நாம் பெரும்பாலும் அரசின் கொடையாகவே பெற்றோம். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகங்கள் திட்டமிடப்பட்டன. நல்ல எண்ணம், நல்ல கட்டடங்கள். அவற்றுள் பல பின்னர்ப் பூட்டிக் கிடந்ததற்கு நூல்களைக் குறைசொல்லிப் பயனில்லை. திறவுகோல் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை ஊர் தீர்மானித்ததில்லை.

அவலூர்பேட்டை போன்றதொரு சந்தையூரில் காப்பியும் நாளிதழும் நூலும் வைத்துப் பொதுமனை ஒன்று அமைப்பது குறித்து நம் வட்டத்து அன்பர்கள் எண்ணக்கூடும். அவர்கள் முதலில் சந்திக்கவேண்டியது பழைய சாவடியின் நினைவை. அது ஊர்த்தெருவுக்கு உரியதாய், சேரிக்கு எட்டாததாய் இருந்தது. பெண்கள் அங்கே உட்கார்ந்ததில்லை. பின்வந்த தேநீர்க்கடைகளிலும் இரட்டைத் தம்ளர் முறை நெடுங்காலம் நின்றது. ஆதலின் பங்குதாரர் பட்டியலில் எந்தெந்தத் தெருவினர் பெயர் உள்ளது, பெண்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்தபிறகே கட்டடம் பார்க்கச் செல்ல வேண்டும். அடுத்தது வரவுசெலவு. காபி ஹவுஸ்கள் பிழைத்தது நாள்தோறும் வந்துபோகும் நகரக் கூட்டத்தால். சந்தையூரில் வாரத்துக்கு ஒருநாள்தான் பெருங்கூட்டம். மற்ற ஆறு நாள்களின் வாடகையையும் மின்கட்டணத்தையும் பரிசாரகர் இருவரின் கூலியையும் அந்த ஒருநாள் விற்பனை தாங்குமா என்பதை, சந்தைக்கு வெளியே இன்று கடை வைத்திருப்பவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.