அப்பிள் பெட்டியும் வொல்ஃப்ஸ்பேர்க் பேரிக்காயும்

சென்ற சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஒரு தம்பி என்னிடம் வந்து கேட்டான்: "அண்ணா, எங்கட வீட்டுக் கொம்பியூட்டருக்கு விண்டோஸ் 11 போடேலாதாம். அப்பா எறியப்போறார். எறியத்தான் வேணுமோ?"

வேண்டாம் என்று உடனே சொன்னேன். ஏன் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றிப் போய்த்தான் அவனுடைய கேள்விக்கு வரமுடியும். ஏனென்றால் இந்தக் கேள்வியை நானும் ஒருகாலத்தில் வேறு மாதிரிக் கேட்டவன்: கடையில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளை எந்தக் கணினியில் போடுவது என்பதை யார் முடிவு செய்வது? நானா, செய்து விற்றவரா?

ஜேர்மனியில் இது புதிய கேள்வி அல்ல. 1985இல் அட்டாரி எஸ்.டி. என்ற கணினி வந்தது. இங்கே அதற்குப் பெரிய வரவேற்பு. அதன் உள்ளே இருந்தது மோட்டொரோலா 68000 என்ற சிப். அப்பிளின் மெக்கின்ரோஷிலும் அதே சிப்தான். ஆனால் மெக்கின்ரோஷ் விலை கூடியது. மூளை ஒன்றுதானே, பிறகேன் மெக்கின் மென்பொருள் அட்டாரியில் ஓடக்கூடாது என்று சிலர் யோசித்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் அதற்கு வழி செய்தார். ஜேர்மனியில் அலடின் என்ற பெயரில் ஒன்று வந்தது. ஒரு சிக்கல் மட்டும்: மெக்கின் அடிப்படை நிரல்கள் அப்பிளின் ரொம் சிப்புக்குள் இருந்தன. அவற்றைப் பிரதி எடுப்பது சட்டப்படி தவறு. ஆகவே பாவிப்பவர் உண்மையான அப்பிள் ரொம் சிப்பைத் தேடி வாங்கி, அட்டாரியில் செருகவேண்டும். திருடவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். அப்பிள் நினைக்காத இடத்தில் செருகினார்கள், அவ்வளவுதான்.

அடுத்து 2005க்குத் தாவுகிறேன். அந்த வருடம் யூன் 6ஆம் திகதி, இனிமேல் மெக் கணினிகளில் இன்ரெல் சிப்தான் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்ரெல் மெக் வந்தது. இப்போது சாதாரண கணினிக்கும் மெக்குக்கும் மறுபடி ஒரே மூளை! ஆனால் அப்பிள் சும்மா விடவில்லை. மெக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய சிப்பிடம் இயங்குதளம் ஒரு இரகசியச் சொல்லைக் கேட்கும். பதில் வராவிட்டால் ஓடாது. இந்தக் காவல் வேலையைச் செய்யும் கோப்பின் பெயரே "மெக் ஓ.எஸ். எக்ஸைத் திருடாதே" என்ற பொருளில்தான் இருக்கும். உலகம் முழுவதும் இருந்த பொழுதுபோக்கு நிரலாளர்கள் அந்தப் பதிலைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்படி மெக் ஓடும் சாதாரண கணினிக்கு ஹக்கின்ரோஷ் என்று பெயர் வந்தது.

நான் 2009இல் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா உணவகச் சமையலறையில் வேலை. மெக் வாங்கித் தாருங்கள் என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. எனக்கு ஏன் மெக் வேண்டும்? கொஞ்சம் ஆடம்பர ஆசை, மறைக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் மெக்கிலேயே இருந்தன. வேறு எதையும் இறக்காமல் தமிழில் எழுதலாம். அம்மம்மாவுக்குக் கடிதம் எழுத அது எனக்குப் பெரிய விசயம்.

129 யூரோ கொடுத்து லெப்பட் என்ற மெக் இயங்குதளப் பெட்டியை வாங்கினேன். மூன்று இரவுகள் போயின. முதல் இரவு திரை சாம்பல் நிறத்தில் உறைந்தது. இரண்டாம் இரவு ஓடியது, சத்தம் வரவில்லை. மூன்றாம் இரவு எல்லாம் வந்தது, அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "நல்லம், படு" என்றார். இரண்டு மாதம் கழித்து அப்டேட் என்று கேட்டதும் யோசிக்காமல் அமத்தினேன். அதோடு கணினி எழும்பவில்லை. அம்மம்மாவின் குரலைப் பழைய கசெற்றில் இருந்து மாற்றி அதில்தான் வைத்திருந்தேன், வேறு பிரதி இல்லை. கடைசியில் ஒரு லினக்ஸ் சீ.டி. போட்டுக் கணினியைத் திறந்து, குரலை வெளியே எடுத்தேன். பிழை முழுக்க என்னுடையது. பிரதி எடுக்காமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

அந்த நேரத்தில்தான் பேரிக்காய்க் கதை. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008 ஏப்ரலில் மெக் போட்ட சாதாரண கணினிகளை விற்கத் தொடங்கியது. யூலையில் அப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் அல்சப் அப்பிளுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார், டிசம்பரில் விற்பனைக்கு நிரந்தரத் தடை விதித்தார்.

ஜேர்மனியில் 2009 தொடக்கத்தில் வொல்ஃப்ஸ்பேர்க் நகரத்தில் ஹைப்பர்மெகாநெற் என்ற சிறு நிறுவனம் அதே வேலையைத் தொடங்கியது. ஆம், ஃபொக்ஸ்வாகன் கார் செய்யும் வொல்ஃப்ஸ்பேர்க்தான். நிறுவனம் ஊ.கே. என்ற வகை. ஒரு யூரோ முதலோடு தொடங்கலாம் என்று சில மாதங்களுக்கு முன்தான் சட்டம் வந்திருந்தது. கணினிக்கு வைத்த பெயர் பேர்-சீ. ஆங்கிலத்தில் பேரிக்காய். அப்பிளுக்குப் பக்கத்தில் பேரிக்காய்! எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அவர்களுடைய வாதம் சிரிப்பு அல்ல. அப்பிளின் உரிமப் பத்திரத்தில், அப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டும் இதைப் போடவேண்டும் என்று எழுதியிருந்தது. (ஐபொட்டோடு வந்த ஆப்பிள் ஸ்டிக்கரைத் தங்கள் கணினியில் ஒட்டிவிட்டு, இதோ பொறித்தாயிற்று என்று சொன்னவர்கள் உண்டு. நானும் ஒட்டினேன்.) ஆனால் அந்தப் பத்திரத்தை எப்போது வாசிக்கலாம்? காசு கொடுத்து, பெட்டியை உடைத்து, தட்டைப் போட்ட பிறகு. ஜேர்மன் சிவில் சட்டத்தின் 305ஆம் பிரிவு, நிபந்தனைகளை ஒப்பந்தம் செய்யும் நேரத்திலேயே வாங்குபவருக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்கிறது. பிறகு காட்டும் நிபந்தனை செல்லாது என்றார்கள் வொல்ஃப்ஸ்பேர்க்காரர். அதற்கு முன்பே, 2000 யூலையில், புதிய கணினியோடு மட்டும் விற்கவேண்டிய விண்டோஸ் தட்டைத் தனியாக விற்றதை மைக்ரோசொஃப்ற் தடுக்கமுடியாது என்று ஜேர்மன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே வாதத்துக்குக் காலூன்ற இடம் இருந்தது.

அந்த வாதத்தை வீழ்த்தியது என்ன தெரியுமா? பெட்டி இல்லாமல் போனதுதான். 2011 யூலையில் லயன் என்ற மெக் இயங்குதளத்தை அப்பிள் தன் இணையக் கடையில் விற்றது. அங்கே "சம்மதம்" என்று அமத்திய பிறகுதான் இறக்கலாம். 2013இல் இருந்து இலவசம். பெட்டி இல்லை, விலை இல்லை, வாங்கிய பிறகு வந்த நிபந்தனை என்று சொல்லவும் இடமில்லை. 2020இல் அப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியது. இன்ரெல் கணினிக்கு வரும் கடைசி மெக் இயங்குதளம் 2025இல் வந்த டஹோ. ஹக்கின்ரோஷ் கதை அதோடு முடிகிறது. எனக்குக் கவலைதான், ஆனால் அந்த மூன்று இரவுகளில் கணினி எப்படி எழும்புகிறது என்று படித்ததை எந்த விரிவுரையிலும் படிக்கவில்லை.

இனித் தம்பியின் கேள்வி. மைக்ரோசொஃப்ற் 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய புரொசசரும் வேண்டும் என்கிறது. அவனுடைய கணினிக்கு வயது ஒன்பது. அது ஓடாமல் போகவில்லை, பட்டியலில் இல்லை. அவ்வளவுதான். பட்டியலை ஏமாற்றி விண்டோஸ் 11 போடவும் வழி உண்டு. ஆனால் அடுத்த அப்டேட் என்ன செய்யும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். நான் அந்தக் கசெற் பாடம் படித்தவன், வீட்டுக்கு ஒரேயொரு கணினி என்றால் அதைச் செய்யமாட்டேன். லினக்ஸ் போடலாம். அதன் உரிமம் எந்தக் கணினியில் போடுகிறாய் என்று கேட்பதே இல்லை. தமிழ் விசைப்பலகையும் உள்ளே இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை அவனும் அப்பாவும் கணினியைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஸ்டிக் தயார். வீட்டுப் படங்களை எல்லாம் முதலில் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு வா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.