நான் யார் என்று கேட்ட யந்திரம்

"நான் யார்?" என்ற கேள்வி திருவண்ணாமலைக்கே சொந்தம் என்று எண்ணியிருந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, நாற்பது யந்திரங்கள் அதே கேள்வியில் சிக்கி நின்றதைக் கண்டேன்.

என் அக்கா மகன் அங்கே கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறான். நாற்பதிலும் டெபியன் லினக்ஸை ஏற்றியாக வேண்டும்; திங்கட்கிழமை ஏற்றுமதிப் பத்திரங்கள் அவற்றில்தான் தயாராக வேண்டும். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸுக்கும் இந்த டெபியன்தான் தாய்.

"கேள்விக்கெல்லாம் முன்னாடியே பதில் எழுதி ஒரு ஃபைல்ல வச்சிட்டேன், மாமா. அதுவே படிச்சு அதுவே முடிச்சுக்கும். வாங்க, டீ சாப்பிடலாம்."

திரும்பி வந்தபோது நாற்பது திரைகளிலும் ஒரே கேள்வி: 'இரண்டு நெட்வொர்க் வாசல்கள் இருக்கின்றன. எது வேண்டும்?'

"இதுக்கும் எழுதியிருக்கேனே!" என்றான், முகம் வாடி.

எழுதித்தான் இருந்தான். ஆனால் எங்கே? நெட்வொர்க் வழியாகப் போய் எடுக்க வேண்டிய அதே ஃபைலில்! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

இது பழைய சங்கடம். சொந்த வட்டு இல்லாத கம்ப்யூட்டர்கள் 1980-களில் புழக்கத்துக்கு வந்தன. கண் விழித்ததும் அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் நெட்வொர்க் அட்டையில் பொறித்த எண் ஒன்றுதான். 1984-ல் வகுத்த 'ரார்ப்' என்ற முறை, அந்த எண்ணைக் கேட்டு யந்திரத்துக்கு அதன் விலாசத்தை மட்டும் சொன்னது. அடுத்த ஆண்டு பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் 'பூட்பி' முறையை வகுத்தார்கள். எந்த சர்வரிடம் போய் எந்த ஃபைலை வாங்குவது என்பதையும் அது சொல்லிற்று. ஆயினும் ஒவ்வொரு யந்திரத்தின் பெயரையும் யாராவது பேரேட்டில் எழுதி வைத்தாக வேண்டும். 1993-ல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய 'டிஹெச்சிபி' அந்தத் தொல்லையையும் தீர்த்தது. அதில் விலாசம் பட்டா நிலமல்ல, குத்தகை நிலம்; தவணை முடிந்தால் புதுப்பித்துக் கொள்ளலாம்.

அது நடக்கும் விதம் வேடிக்கையானது. விலாசமற்ற யந்திரம் கடிதம் எழுதுகிறது. அனுப்புநர் பூஜ்யம், பெறுநர் எல்லோரும். சர்வர் ஒரு விலாசத்தைக் காட்டுகிறது. யந்திரம் அதையே கேட்கிறது. சர்வர் 'சரி' என்கிறது. நான்கே கடிதங்கள்.

ஆனால் அந்த முதல் கடிதத்தை எந்த வாசல் வழியாகப் போடுவது? அதுதான் அன்றிரவு நின்ற கேள்வி. அதற்கு விடை ஃபைலில் இருந்து பயனில்லை. யந்திரம் கிளம்பும்போதே காதில் ஓத வேண்டும். மருமகன் கிளப்பும் கட்டளையில் ஒரு வரி சேர்த்தான்: கம்பி செருகிய வாசல் எதுவோ, அதையே எடுத்துக்கொள். மறுபடி கிளப்பினான். திரைகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.

விடியற்காலை ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றேன். போகுமிடத்து விலாசத்தைப் பூட்டிய டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சாவியையும் தொலைத்து, முன்பொரு முறை நானே இப்படி ஒரு பிளாட்பாரத்தில் விழித்திருக்கிறேன். யாரோ ஒருவர் வழி சொன்னார். எல்லாம் எழுதிய ஏடு இருந்தாலும், அதை எட்டும்வரை முதல் வார்த்தையை வெளியிலிருந்து ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.